மாதவிடாய் வலிக்கு ரப்பர் வெந்நீர்ப் பை: வாங்குமுன் அறிய வேண்டியவை

மாதவிடாயின் முதல் நாளில் அடிவயிற்றை இழுத்துப் பிடிக்கும் வலிக்கு வீட்டில் வைத்துக்கொள்ளத்தக்க பொருள் ஒன்றைச் சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால், ரப்பரால் செய்த சாதாரண வெந்நீர்ப் பையைத்தான் நான் முதலில் சொல்வேன். அதற்கு மின்சாரம் தேவையில்லை, மருந்துச் சீட்டு தேவையில்லை, உடலுக்குள் எதுவும் செல்வதில்லை, மாதந்தோறும் புதிதாக வாங்க வேண்டியதும் இல்லை. இருந்தும் பல வீடுகளில் இது இரண்டொரு முறை பயன்பட்டபின் அலமாரியின் அடித்தட்டுக்குப் போய்விடுகிறது. கொதிக்கும் நீரை அப்படியே ஊற்றித் தோலைச் சுட்டுக்கொண்டவர்களும், வலி உச்சத்தைத் தொட்ட பிறகு பத்து நிமிடம் வைத்துப் பார்த்துவிட்டுப் பயனில்லை என்று முடிவு கட்டியவர்களும் அதைத் திரும்ப எடுப்பதில்லை. பல ஆண்டுகளாக இதைப் பயன்படுத்தி வருபவள் என்ற முறையில், எதைப் பார்த்து வாங்க வேண்டும், எப்படிப் பயன்படுத்தினால் பலன் கிடைக்கும், எந்த இடத்தில் இது போதாமல் போகும் என்பதையெல்லாம் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

வெப்பம் வெறும் ஆறுதல்தான், உண்மையான மருத்துவம் இல்லை என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. அது சரியன்று. மாதவிடாய்ச் சுழற்சியின் முடிவில் புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோனின் அளவு குறையும்போது கருப்பையின் உட்படலம் சிதையத் தொடங்குகிறது; அப்போது அந்தத் திசுவிலிருந்து புரோஸ்டாகிளாண்டின் என்னும் வேதிப்பொருள்கள் வெளியாகின்றன. இவை கருப்பைத் தசையை இறுகச் சுருங்கச் செய்வதோடு அங்குள்ள இரத்தக் குழாய்களையும் சுருக்குவதால், தசைக்குப் போதிய ஆக்சிஜன் கிடைக்காமல் வலி எழுகிறது; வலியை உணரும் நரம்பு முனைகளும் வழக்கத்தைவிடக் கூர்மையாகிவிடுகின்றன. மாதவிடாய்க் குருதியில் தசையைச் சுருங்கச் செய்யும் பொருள் ஒன்று இருப்பதை வி. ஆர். பிக்கிள்ஸ் என்ற ஆய்வாளர் 1957ஆம் ஆண்டிலேயே எழுதியிருந்தார். அதுவரை பெண்களின் மனப்போக்கு என்றும் மிகைப்படுத்தல் என்றும் ஒதுக்கப்பட்ட ஒரு வலிக்கு உடலில் திட்டவட்டமான காரணம் இருக்கிறது என்பதை நிறுவியதில் அந்தக் கண்டுபிடிப்புக்குப் பெரும் பங்கு உண்டு. அதே வேதிப்பொருள்கள் குடலின் தசையையும் தூண்டுவதால்தான் சிலருக்கு முதல் நாளில் குமட்டலும் வயிற்றுப்போக்கும் சேர்ந்து வருகின்றன. இதைத் தெரிந்துகொண்டால், தன் உடம்பில் நடப்பது இன்னதென்று புரிந்து பாதிப் பதற்றம் குறையும்.

அடிவயிற்றில் வைக்கும் வெப்பம் இறுகிய தசையைத் தளர்த்துகிறது, அந்தப் பகுதிக்கு இரத்த ஓட்டத்தைக் கூட்டுகிறது. தோலிலிருந்து செல்லும் வெப்ப உணர்வு, முதுகுத்தண்டில் வலியின் செய்தியை ஓரளவு பின்னுக்குத் தள்ளவும் செய்கிறது. இது எவ்வளவு தூரம் பயன்படும் என்பதற்கு நல்ல சான்று ஒன்று உண்டு. 2001ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில் 81 பெண்களை நான்கு குழுக்களாகப் பிரித்து, அடிவயிற்றில் ஏறத்தாழ 39 டிகிரி செல்சியஸ் வெப்பம் தரும் பட்டையை நாளுக்கு 12 மணி நேரம் என இரண்டு நாட்கள் அணியச் செய்து, அதை 400 மில்லிகிராம் இபுபுரோஃபென் என்னும் வலிநீக்கி மாத்திரையோடும் போலி மாத்திரையோடும் போலிப் பட்டையோடும் ஒப்பிட்டார்கள். வெப்பம் மட்டும் பெற்றவர்களுக்குக் கிடைத்த நிவாரணம் மாத்திரை மட்டும் பெற்றவர்களுடையதற்குக் குறைந்ததாக இல்லை. இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களுக்குச் சுமார் ஒன்றரை மணி நேரத்திலேயே குறிப்பிடத்தக்க நிவாரணம் தெரிந்தது. மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்கு அதே நிவாரணம் தெரிய ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம் ஆனது. ஆய்வில் பயன்பட்டது சீரான வெப்பம் தரும் பட்டை; நான் இங்கே மதிப்பிடும் பையோ தொடக்கத்தில் அதிகச் சூடாக இருந்து மெல்ல ஆறுவது. ஆகவே அந்த எண்களை அப்படியே பைக்குப் பொருத்திவிட முடியாது. ஆனாலும் மிதமான சூடு நீண்ட நேரம் இருப்பதே பலன் தருகிறது, தாங்க முடியாத சூடு தேவையே இல்லை என்ற பாடத்தைப் பைக்கும் எடுத்துக்கொள்ளலாம்.

இனிப் பையைப் பற்றிச் சொல்கிறேன். பெரும்பாலும் விற்கப்படுவது இரண்டு லிட்டர் கொள்ளளவு உள்ளது. படுக்கையைச் சூடாக்கவும் முதுகுக்கு வைக்கவும் அது பொருத்தமான அளவே. ஆனால் மூன்றில் இரண்டு பங்கு நிரப்பினாலே அது ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும். ஏற்கெனவே தொட்டாலே நோகும் அடிவயிற்றின்மீது அந்த எடையை வைத்துப் படுத்திருப்பது பலருக்குத் துன்பமாகவே இருக்கும். மாதவிடாய் வலிக்காகவே வாங்குபவர்கள் ஒரு லிட்டர் அல்லது அதற்கும் சற்றுக் குறைவான பையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. தொப்புளுக்குக் கீழே இடுப்பெலும்புகளுக்கு நடுவே அது சரியாக அமரும், புரண்டு படுத்தாலும் கையால் அணைத்துக்கொள்ள முடியும். நீண்ட குழாய் வடிவிலும் இப்போது பைகள் வருகின்றன. வயிற்றிலும் முதுகிலும் ஒருசேர வலிக்கும் பெண்களுக்கு இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் அந்த வடிவம் மிக உதவியாக இருக்கும்; நிரப்புவதுதான் கொஞ்சம் சிரமம்.

பொருளைப் பொறுத்தவரை இயற்கை ரப்பர், பி.வி.சி. என்னும் நெகிழி ஆகிய இரண்டே முக்கியமானவை. நல்ல ரப்பர் பை சூட்டில் இளகி உடம்போடு படிந்துகொள்ளும், பி.வி.சி. பை சற்று விறைப்பாக இருந்தாலும் ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அதுவே ஏற்றது. புதிய ரப்பரின் வாசனையைச் சிறிய குறையாக நான் கருதவில்லை. முதல் நாளில் குமட்டல் இருக்கும் பெண்ணுக்கு அந்த நெடி பெரும் தொல்லை. வாங்கியவுடன் கழுவி, மூடியைத் திறந்து, வெயில் படாத இடத்தில் சில நாட்கள் தொங்கவிட்டால் பெரும்பகுதி போய்விடும் என்பதால், வலி வந்த அன்றைக்கு ஓடிப்போய் வாங்காமல் முன்கூட்டியே வாங்கி வைப்பது நல்லது. பல பைகளில் ஒரு பக்கம் வரிவரியாகவும் மறுபக்கம் வழவழப்பாகவும் இருக்கும். வரிகளுக்கிடையே காற்று தங்குவதால் அந்தப் பக்கம் சூட்டை மெதுவாகத் தரும். தண்ணீர் புதிதாக இருக்கும்போது வரிப் பக்கத்தையும் ஆறிய பிறகு வழவழப்பான பக்கத்தையும் உடம்பை நோக்கித் திருப்பி வைத்துக்கொள்ளலாம்.

கடையில் கையில் எடுத்துப் பார்க்கும்போது மூடியைத் திறந்து மூடிப் பாருங்கள். மரையில் சிக்கல் இல்லாமல் சுழல வேண்டும், உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் தளர்ந்திருக்கக் கூடாது. வாய் அகலமாகப் புனல்போல் விரிந்திருந்தால் தண்ணீர் தெறிக்காது. கழுத்துப் பகுதியில் பூப்போன்ற ஒரு வட்டக் குறியைச் சில பைகளில் காணலாம். அது அலங்காரமன்று. நடுவில் இருக்கும் எண் தயாரித்த ஆண்டைக் குறிக்கும், சுற்றியுள்ள 12 இதழ்களும் மாதங்களைக் குறிக்கும், இதழ்களுக்குள் உள்ள புள்ளிகள் வாரங்களைக் குறிக்கும். வெந்நீர்ப் பைகளுக்கான பிரித்தானியத் தர விதியின் எண் பி.எஸ். 1970, அதைப் பின்பற்றும் தயாரிப்புகளில் இந்த எண்ணும் அச்சாகியிருக்கும். ரப்பர் பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் முதிரும் என்பதால், தயாரித்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் ஆன பையை மாற்றிவிடுவதே பாதுகாப்பு. கடையில் நெடுநாள் கிடந்த பையை அந்தக் குறியைப் பார்த்து ஒதுக்கிவிடலாம்.

பையின் நன்மை முழுவதும் அதை நிரப்பும் முறையில் இருக்கிறது. தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பிலிருந்து இறக்கிச் சில நிமிடங்கள் ஆறவிட வேண்டும். பையைச் சமமான தளத்தில் வைத்துக் கழுத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊற்றி, மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாமல் நிறுத்த வேண்டும். பிறகு பையை மெல்லச் சாய்த்துத் தண்ணீர் வாய்வரை வந்து எட்டிப் பார்க்கும்படி செய்தால் உள்ளே இருக்கும் காற்று வெளியேறிவிடும். காற்று தங்கினால் பை உருண்டு திரண்டு நிற்கும், உடம்பில் படியாது, உள்ளே அழுத்தமும் கூடும். மூடியை இறுக்கியதும் கழுவுதொட்டிக்கு மேலே தலைகீழாகப் பிடித்து ஒரு சொட்டும் கசியவில்லை என்று பார்த்த பின்னரே உறையில் போட வேண்டும். வலியில் சுருண்டு கிடக்கும் பெண் இத்தனையையும் தானே எழுந்து செய்ய வேண்டியிருப்பதுதான் இந்தப் பொருளின் முதல் குறை. வீட்டில் கணவரோ மகனோ அப்பாவோ தம்பியோ யாராக இருந்தாலும் இதைக் கற்றுக்கொண்டு செய்து தரலாம். செய்து தர வேண்டும் என்றே நான் சொல்வேன்.

உறை இல்லாமல் விற்கப்படும் பை பாதிப் பொருள்தான். கம்பளியோ தடித்த பருத்தியோ எதுவானாலும் சரி, தோலுக்கும் ரப்பருக்கும் நடுவே துணி இருந்தே ஆக வேண்டும். உறை கிடைக்காவிட்டால் துண்டை இரண்டாக மடித்துச் சுற்றலாம். இதை வலியுறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. தோலின் வெப்பம் 44 டிகிரியில் தொடர்ந்து பல மணி நேரம் இருந்தாலே புண் ஏற்படும். 60 டிகிரியில் சில நொடிகளே போதும். வலியில் இருப்பவருக்குச் சூடு இதமாகத் தோன்றுவதால், தோல் எரிவது தாமதமாகத்தான் தெரியவருகிறது. உறக்கத்தில் அதுவும் தெரியாது. ஆகவே இந்தப் பையை அடிவயிற்றில் வைத்துக்கொண்டே உறங்கிவிடக் கூடாது. உறக்கம் வருவதுபோல் இருந்தால் எடுத்து அப்பால் வைத்துவிட வேண்டும். நீரிழிவினாலோ வேறு நரம்புக் கோளாறினாலோ தோலில் உணர்ச்சி குறைந்தவர்களும், மயக்கம் தரும் மாத்திரைகளை எடுத்திருப்பவர்களும் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். வலி நீக்கும் தைலமோ களிம்போ தடவிய இடத்தின்மீது பையை வைப்பதையும் தவிர்க்க வேண்டும். மாதாமாதம் ஒரே இடத்தில் நெடுநேரம் சூடு வைப்பவர்களுக்கு வலைப்பின்னல்போலப் பழுப்பு நிறத் தடம் தோலில் படிவதுண்டு. அதைக் கண்டால் சூட்டைக் குறைக்கவும் இடைவெளி விடவும் வேண்டும். அந்தத் தடம் பெரும்பாலும் மெல்ல மறையும், ஆனால் தொடர்ந்து சூடு வைத்துக்கொண்டே இருந்தால் நிலைத்துவிடவும் கூடும்.

பயன்பாட்டில் நேரமும் இடமும் முக்கியம். வயிறு கனக்கத் தொடங்கி, இன்னும் சிறிது நேரத்தில் வலி வரும் என்று உடம்பு சொல்லும் அந்தக் கட்டத்திலேயே வைத்துவிட்டால் பலன் தெளிவாகத் தெரிகிறது. வலி முற்றிய பிறகு வைத்தாலும் பயன் இல்லாமலில்லை; வெகுநேரம் பிடிக்கும். 15 அல்லது 20 நிமிடங்கள் வைத்துவிட்டுச் சற்று இடைவெளி விட்டு மறுபடியும் வைப்பது தோலுக்கு நல்லது. உறை போட்ட பை ஓரிரு மணி நேரம் வரை இதமான சூட்டோடு இருக்கும் என்பதால், ஒருமுறை நிரப்பியதை இப்படிப் பலமுறை பயன்படுத்தலாம். கருப்பையிலிருந்து வரும் வலி நரம்புகள் முதுகுத்தண்டில் சேரும் பகுதியில்தான் கீழ்முதுகிலிருந்தும் அடிவயிற்றுத் தோலிலிருந்தும் வரும் நரம்புகளும் சேர்கின்றன. அதனால் சிலருக்கு வயிற்றைவிட இடுப்பின் பின்புறத்தில் வைப்பதே அதிக நிவாரணம் தருகிறது. ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களை மடக்கி, முதுகுக்கும் தலையணைக்கும் நடுவே பையைச் செருகிக்கொள்ளலாம். பையின்மீதே மல்லாந்து படுத்து முழு எடையையும் இறக்கக் கூடாது. ரப்பர் வெடித்துச் சுடுநீர் கொட்டும் விபத்துகள் அப்படித்தான் நேர்கின்றன.

இத்தனை நன்மை இருந்தும், பை வீட்டோடு கட்டிப்போடும் பொருள். வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் மாணவிக்கும், நின்றபடியே வேலை செய்யும் பெண்ணுக்கும், நெடும் பயணத்தில் இருப்பவருக்கும் அது உதவாது. அவர்களுக்கு ஒட்டும் வெப்பப் பட்டையே தக்க மாற்று. அதற்குள் இரும்புத் தூள், உப்பு, கரித்தூள் முதலியவை இருக்கும். உறையைப் பிரித்ததும் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு இரும்பு வினைபுரிந்து சூடு பிறக்கிறது. மெல்லியதாக இருப்பதால் ஆடைக்குள் தெரியாது, எட்டு முதல் 12 மணி நேரம் வரை சீரான சூடு தரும். மேலே சொன்ன ஆய்வுக்கு மிக நெருக்கமானதும் இதுதான். சூடேற அரை மணி நேரம்வரை ஆகலாம் என்பதால் கிளம்புவதற்கு முன்பே பிரித்துவிட வேண்டும். தோலில் நேரடியாக ஒட்டும் வகையும், உள்ளாடையின் வெளிப்புறத்தில் ஒட்டும் வகையும் தனித்தனியாக விற்கப்படுகின்றன. இரண்டாவது வகையைத் தோலில் ஒட்டினால் புண்ணாகிவிடும், எனவே உறையில் அச்சிட்டிருப்பதைப் படிக்காமல் ஒட்டக் கூடாது. ஒருமுறை பயன்படுத்தியதும் குப்பைக்குப் போகிறது என்பதும் மாதந்தோறும் செலவு வைக்கிறது என்பதும் இதன் குறைகள். வெளியே செல்லும் நாட்களுக்குப் பட்டை, வீட்டில் இருக்கும் நாட்களுக்குப் பை என்று பிரித்துக்கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

மின்சார வெப்ப மெத்தை சீரான சூடு தருகிறது, வெந்நீர் காய்ச்சும் வேலையும் இல்லை. குறிப்பிட்ட நேரத்தில் தானாக அணையும் வசதி இருந்தால் மட்டுமே அதை வாங்கலாம். மைக்ரோவேவில் சூடாக்கும் தானியப் பை எடை குறைந்தது, வயிற்றில் மென்மையாகப் படியும். ஆனால் அரை மணி நேரத்துக்குள் ஆறிவிடும், சில இடங்களில் மட்டும் அதிகமாகச் சூடேறும், அளவுக்கு மீறிச் சூடாக்கினால் தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு. உள்ளே திரவம் அடைத்து மின்செருகியால் சூடேற்றும் பைகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். நான் வைத்திருந்த ஒன்று சூடேறும்போதே உப்பி ஓரத்தையலில் கசியத் தொடங்கியது; மின்சாரமும் சுடுநீரும் ஒரே உறைக்குள் இருக்கும் பொருளை வயிற்றின்மீது வைத்துக்கொள்ள அதன்பிறகு எனக்கு மனம் வரவில்லை. தோலில் ஒட்டும் மின்முனைகள் வழியாக மெல்லிய மின்துடிப்பு செலுத்தும் டென்ஸ் கருவி வேறு வகை. அதிக அதிர்வெண்ணில் வைத்தால் மாதவிடாய் வலி குறைகிறது என்பதற்குச் சான்றுகள் உண்டு, மருந்தை விரும்பாதவர்கள் முயன்று பார்க்கலாம். இதயமுடுக்கி பொருத்தியவர்களும் கருவுற்றிருக்கக்கூடியவர்களும் வலிப்பு நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

வெந்நீர்ப் பையைப் பாராட்டுபவர்களில் சிலர் மாத்திரையைப் பகையாகப் பார்க்கிறார்கள். வலியைப் பொறுத்துக்கொள்வதே உயர்வு என்றுகூட மகள்களுக்குச் சொல்கிறார்கள். இதை நான் கடுமையாக மறுக்கிறேன். இபுபுரோஃபென், நாப்ரோக்ஸென், மெஃபனமிக் அமிலம் ஆகியவை புரோஸ்டாகிளாண்டின் உருவாவதையே குறைக்கின்றன, அதாவது வலியின் வேரிலேயே வேலை செய்கின்றன. மருத்துவச் சோதனைகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015ஆம் ஆண்டு வெளியிட்ட தொகுப்பாய்வு, 80 சோதனைகளையும் அவற்றில் பங்குபெற்ற 5,820 பெண்களையும் கணக்கில் எடுத்து, இந்த வகை மருந்துகள் மாதவிடாய் வலிக்கு நன்றாகவே வேலை செய்கின்றன என்று முடிவு சொன்னது. வயிற்றுத் தொல்லை முதலிய பக்கவிளைவுகள் உண்டு என்பதையும் அதே ஆய்வு எடுத்துரைத்தது. ஏற்கெனவே உருவாகிவிட்ட புரோஸ்டாகிளாண்டினை இவை அழிப்பதில்லை, புதிதாக உருவாவதைத்தான் தடுக்கின்றன. ஆதலால் வலி முற்றும்வரை காத்திராமல், தொடக்கத்திலேயே உணவுக்குப் பின் எடுத்துக்கொள்வதில்தான் பயன் மிகுதி. பெரியவர்களுக்கு இபுபுரோஃபென் ஒரு வேளைக்கு 200 முதல் 400 மில்லிகிராம் வரை, ஆறு முதல் எட்டு மணி நேர இடைவெளியில், மருத்துவர் அறிவுரை இன்றி நாளுக்கு 1,200 மில்லிகிராமுக்கு மேற்படாமல் என்பது பொதுவான வரம்பு. இரைப்பைப் புண், சிறுநீரகக் கோளாறு, இத்தகைய மருந்துகளால் தூண்டப்படும் ஆஸ்துமா ஆகியவை உள்ளவர்களும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும், கருவுற்றிருக்கக்கூடும் என்று எண்ணுபவர்களும் தாமாக எடுக்கக் கூடாது. அவர்களுக்குப் பாராசிட்டமால் ஒரு வழி, ஆனால் இந்த வலிக்கு அதன் ஆற்றல் குறைவு. மாத்திரை எடுத்ததும் அது வேலை செய்யத் தொடங்கும்வரை உள்ள அந்த இடைவெளியைத்தான் வெந்நீர்ப் பை மிக அருமையாக நிரப்புகிறது.

நடை, நீச்சல், யோகப் பயிற்சி போன்றவற்றை மாதம் முழுவதும் செய்து வருவதும் வலியைக் குறைக்கிறது. வாரத்துக்கு மூன்று முறையாவது, ஒவ்வொரு முறையும் 45 முதல் 60 நிமிடங்கள்வரை செய்தால் குறிப்பிடத்தக்க பலன் கிடைக்கலாம் என்று 2019ஆம் ஆண்டின் காக்ரேன் தொகுப்பாய்வு கூறுகிறது. வலி வந்த அன்றைக்கு எழுந்து ஓடு என்று யாரையும் வற்புறுத்துவதற்கு அது காரணமாகிவிடக் கூடாது. இஞ்சிக்கும் ஓரளவு பயன் இருப்பதாகச் சிறு ஆய்வுகள் சொல்கின்றன. வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளும் அளவில் எடுத்துக்கொள்ளலாம்.

எவ்வளவு நல்ல பையானாலும் அதனால் தீராத வலிகள் இருக்கின்றன, இதை இந்த மதிப்பீட்டின் மிக முக்கியமான பகுதியாகக் கருதுகிறேன். வழக்கமான மாதவிடாய் வலி குருதிப்போக்கு தொடங்குவதையொட்டி வந்து, இரண்டு மூன்று நாட்களுக்குள் அடங்கிவிடும். பெரும்பாலும் பூப்படைந்த ஓரிரு ஆண்டுகளுக்குள்ளேயே தொடங்கியிருக்கும். ஆண்டுக்காண்டு கூடிக்கொண்டே போகும் வலி, இதுவரை இல்லாமலிருந்து வயது கூடிய பிறகு புதிதாகத் தொடங்கும் வலி, மாதவிடாய் இல்லாத நாட்களிலும் விடாத வலி, உடலுறவின்போதோ மலம் கழிக்கும்போதோ ஏற்படும் வலி ஆகியவற்றுக்குப் பின்னால் எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பை உட்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது), அடினோமையோசிஸ் (அத்தகைய திசு கருப்பைத் தசைக்குள் வளர்வது), கருப்பைக் கட்டி போன்ற நோய்கள் இருக்கக்கூடும். எண்டோமெட்ரியோசிஸ் மட்டுமே இனப்பெருக்க வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இருப்பதாக உலக சுகாதார அமைப்பு மதிப்பிடுகிறது. இருந்தும் அதைக் கண்டறியப் பல ஆண்டுகள் ஆகின்றன, எல்லாருக்கும் வருவதுதானே என்று வீட்டாரும் சில வேளைகளில் மருத்துவர்களும் தள்ளிப்போடுவதே அதற்கு ஒரு பெரிய காரணம். பையும் மாத்திரையும் வலியைச் சற்றே குறைக்கின்றன என்பதை வைத்து அந்த நோய் இல்லை என்று முடிவு செய்யவும் முடியாது. காய்ச்சலோ நாற்றமுள்ள வெள்ளைப்போக்கோ சேர்ந்திருந்தாலும், ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் முழுவதும் நனையும் அளவுக்குத் தொடர்ந்து குருதி போனாலும், கருவுற்றிருக்க வாய்ப்புள்ள நிலையில் திடீரென ஒரு பக்கமாகக் கடும் வலி எடுத்தாலும், பையை ஒதுக்கிவைத்துவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மற்றவர்களுக்கு நான் சொல்வது இது: வெந்நீர்ப் பையையும் மாத்திரையையும் உரிய நேரத்தில் சேர்த்துப் பயன்படுத்தியும், மூன்று மாதங்களுக்குப் பிறகும் பள்ளியையோ வேலையையோ விட்டுப் படுக்க வேண்டியிருந்தால், மகப்பேறு மற்றும் பெண்கள் நல மருத்துவரைப் பாருங்கள். வலி எந்த நாளில் தொடங்கியது, எத்தனை மணி நேரம் நீடித்தது, எந்த இடத்தில் இருந்தது, என்ன மாத்திரை எத்தனை மில்லிகிராம் எடுத்தீர்கள், வெப்பம் வைத்ததில் எவ்வளவு குறைந்தது என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். வலிக்கிறது என்று மட்டும் சொல்லும்போது கிடைக்காத கவனம், அந்தத் தாளை நீட்டும்போது கிடைக்கிறது.